கோஷா ஆஸ்பத்திரியிலிருந்து மைட்டோகாண்ட்ரியா வரை

சென்னை திருவல்லிக்கேணியில் இருக்கிற கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையைப் பழைய ஆட்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரின்னுதான் சொல்வாங்க. 1931ஆம் வருடத் தொடக்கத்தில் அங்கே லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வேலை பார்த்தார். அதற்கு முன் பம்பாயில் இருந்தவர். 1929இல் சில மாதங்கள் நம்ம குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் இருந்திருக்கிறார்.

அவர் துரத்திக்கொண்டிருந்தது கர்ப்பிணிகளைக் கொன்ற ஒரு ரத்தசோகை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்கள் அளவில் பெருத்து, எண்ணிக்கையில் குறைந்து கிடக்கும். பம்பாயின் ஏழை மில் தொழிலாளிப் பெண்களிடம் இது நிறையவே தென்பட்டது. குறை சாப்பாட்டில் இருக்கலாம் என்று நினைத்து, குரங்குகளுக்குச் சத்தில்லாத உணவு கொடுத்து அதே நோயை வரவழைத்துப் பார்த்தார். அதைக் குணமாக்கியது மார்மைட்! ஆமாம், ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற, மலிவான ஈஸ்ட் சாறு. பெண்களுக்குக் கொடுத்தபோதும் வேலை செய்தது. உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது, அதனால் 'வில்ஸ் காரணி' என்று பெயர் வைத்தார்கள். 1941இல் அமெரிக்காவில் பசலை வகைக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலைக்கான லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

ஏன் அணுக்கள் பெருக்கின்றன? செல் இரண்டாகணும்னா டிஎன்ஏவை நகலெடுக்கணும். அதற்கு ஒற்றைக் கார்பன் அணுக்கள் வேண்டும். அவற்றைச் சுமந்து வருவது ஃபோலேட். சங்கரன்கோவிலில் தறிச் சத்தத்தோடு வாழ்கிறவனுக்கு இது சுலபமா புரியும்: பாவு தயாரா இருந்தாலும் ஊடை நூல் வரலைன்னா நெசவு நகராது. செல்லும் பெருத்துக்கொண்டே இருக்கும், பிரியாது.

அடுத்த ஆள் எல்லாப்ரகடா சுப்பாராவ். பீமவரத்துக்காரர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தில் அவருடைய குழுதான் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அந்த வகைச் சேர்மங்களை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமெடுப்பது போல அவருக்குத் தெரிந்தது. கர்ப்பிணியைக் காப்பாற்றிய அதே பொருள்! அப்படியானால் அதைத் தடுத்தால்? சுப்பாராவ் குழு ஃபோலேட்டின் போலி ஒன்றை, அமினோப்டெரினை, செய்து கொடுத்தது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரைப்படி 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்தது. அதே ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அமினோப்டெரினின் தம்பிதான் இன்றும் பயன்படும் மெத்தோட்ரெக்ஸேட். (மூட்டுவாதத்துக்கு அதை வாரம் ஒரு தடவைதான் கொடுப்பாங்க. தினம் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாராவது சாப்பிட்டால் சீட்டை ஒருமுறை சரிபாருங்க.)

ஆபத்து எதனால்? மெத்தோட்ரெக்ஸேட் தடுக்கும் நொதி, பிரிந்து பெருகும் எல்லாச் செல்லுக்கும் தேவை. எலும்பு மஜ்ஜை, வாய்த்தோல், குடல் எல்லாம் அடிபடும். புற்றுநோய் மட்டும் அதிகமாக நம்பியிருக்கிற நொதி ஏதாவது உண்டா என்பதுதான் அடுத்த கேள்வி.

1985இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மெக்கன்சியின் ஆய்வகம் ஒரு விசித்திரத்தைக் கவனித்தது. எம்.டி.எச்.எஃப்.டி.2 என்று இப்போது அழைக்கிற ஒரு மைட்டோகாண்ட்ரியா நொதி, சாகாமல் பெருகும் செல்களில் இருக்கிறது. வளர்ந்த உடலின் சாதாரணத் திசுக்களில் ஏறக்குறைய இல்லை. செரின் என்ற அமினோ அமிலத்திலிருந்து எடுத்த கார்பனை ஃபோலேட்டின் மேலேயே இரண்டு படி மாற்றிவிடுவது இதன் வேலை. கடைசியில் அந்தக் கார்பன் ஃபார்மேட்டாக மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியேறும், டிஎன்ஏ எழுத்துகளைக் கட்ட உதவும். எறும்பு கடித்தால் எரியுதே, அந்த ஃபார்மிக் அமிலத்தின் இன்னொரு வடிவம்தான் ஃபார்மேட்.

இந்தக் கண்டுபிடிப்பு ரொம்ப நாள் ஓரமாகக் கிடந்தது. 2014இல் வம்சி மூதா உள்ளிட்டோர் 19 வகைப் புற்றுநோய்களின் 1,981 கட்டிகளில் 1,454 வளர்சிதைமாற்ற நொதிகளை ஒப்பிட்டார்கள். கட்டிகளில் எங்கும் தூக்கலாக நின்றவற்றில் முன்னால் இருந்தது இதுதான். என்னைப் போல லாக் ஃபைல்களில் வாழ்கிறவனுக்கு இந்த முறை பிடித்திருக்கிறது: முன்முடிவு இல்லாமல் எல்லாத்தையும் எண்ணிப் பார்ப்பது.

ஆனால் இந்த நொதி புற்றுநோயின் சொந்தச் சரக்கு இல்லை. கருவுக்கு இது வேண்டும். இந்த ஜீன் நீக்கப்பட்ட எலிகள் பிறக்கும் முன்பே இறந்துவிடுவதை 2002இல் காட்டினார்கள். அதாவது கருவின் பழைய கருவியைக் கட்டி மறுபடி கையில் எடுக்கிறது. இதைப் படித்துவிட்டு கர்ப்பிணிகள் ஃபோலிக் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. முதல் குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்த தாய்மார்களிடம் அடுத்த குழந்தைக்கு அது வருவதை ஃபோலிக் அமிலம் பெருமளவு தடுத்ததை 1991இல் வெளியான பிரிட்டன் ஆய்வு நிரூபித்துவிட்டது.

எம்.டி.எச்.எஃப்.டி.2ஐத் தடுக்கும் சில சேர்மங்களைச் செய்து எலிகளில் சோதித்திருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் பாதிதான். தூண்டப்பட்டுப் பெருகும் டி செல்களும், அதாவது புற்றுநோயோடு சண்டை போடுகிற நம்ம படையும், இதே நொதியைத்தான் கையில் எடுக்கின்றன. கட்டியை மட்டும் பட்டினி போட்டு அவற்றுக்குச் சோறு போடுவது எப்படி என்பதில்தான் இப்போது வேலை நின்றுகொண்டிருக்கிறது.