ஏழை எண்டு முதலில் நிரூபி

மருத்துவபீட மாணவர்கள் வார்ட்டில் நோயாளியைப் பார்க்கிறார்கள். சட்டம் படிக்கிற மாணவர் நீதிமன்றத்தில் வழக்குப் பேசலாமா? அமெரிக்காவில் பேசலாம். 1969இல் அங்குள்ள சட்டத்தரணிகள் சங்கம் இதற்கு ஒரு மாதிரி விதியே எழுதியது. நான்கு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும், பீடாதிபதி சான்று தர வேண்டும், கட்சிக்காரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அவரிடம் காசு வாங்கக்கூடாது, ஒரு சட்டத்தரணி மேற்பார்வை செய்ய வேண்டும். வசதியில்லாத சனத்துக்கும் வழக்காட ஆள் கிடைக்கட்டும் என்பதுதான் நோக்கம்.

நல்ல விதிதான். ஆனால் லூசியானா மாநிலத்தில் அதற்கு என்ன நடந்தது எண்டு பார்ப்பம்.

மிசிசிப்பி ஆற்றோரம், பேட்டன் ரூஜுக்கும் நியூ ஓர்லியன்ஸுக்கும் இடையில் இரசாயனத் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும். 'புற்றுநோய்ச் சந்து' என்று அந்தப் பகுதிக்கே பெயர். அங்கே கொன்வென்ட் என்ற சிற்றூரில், 1996இல், ஷின்டெக் நிறுவனம் ஏறத்தாழ 70 கோடி டொலரில் பீ.வீ.சி. தொழிற்சாலை கட்டப் போவதாக அறிவித்தது. சுற்றிவர இருந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள், வறியவர்கள். அவர்கள் டுலேன் பல்கலைக்கழகத்தின் சுற்றாடல் சட்டக் கிளினிக்கிடம் போனார்கள். மாணவர்கள் மேற்பார்வையோடு வேலை செய்கிற இடம் அது. 1997 செப்டெம்பரில் மத்திய சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், தொழிற்சாலைக்கு மாநிலம் கொடுத்த காற்று மாசு அனுமதியில் குறைகள் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பியது.

ஆளுநர் மைக் ஃபொஸ்டருக்குக் கோபம். பல்கலைக்கழகத்தின் வரிச்சலுகையில் கைவைப்போம் என்றார். வணிக அமைப்புகள் மாநில உயர் நீதிமன்றத்திடம் முறையிட்டன. அந்த நீதிமன்றத்தில் நீதியரசர்களும் வாக்குக் கேட்டுத்தான் வருவார்கள் என்பதை இந்த இடத்தில் மறக்கக்கூடாது. தலைமை நீதியரசருக்கு 1998 மறுதேர்தல் ஆண்டு. அந்த ஜூனில்தான் மாணவர்களுக்கான 'இருபதாம் விதி' திருத்தப்பட்டது.

எங்களை உறுத்துவது அந்தத் திருத்தம் எதைத் தொட்டது என்பதுதான். மாணவரின் திறமை போதாது, மேற்பார்வை போதாது என்றால் சரி, விளங்கிக்கொள்ளலாம். அதுவல்ல. கட்சிக்காரரின் சட்டைப்பையைத்தான் தொட்டார்கள். வருமான எல்லை இறுகியது. ஊர்ச்சங்கம் ஒன்றுக்காக மாணவர் பேச வேண்டுமென்றால், அதன் உறுப்பினர்களில் பெரும்பாலானோர் வறியவர்கள் என்று காட்ட வேண்டும். கிளினிக்கே தேடிப்போய்ச் சந்தித்தவர்களுக்காகவும் மாணவர் பேச முடியாது. சங்கத்தில் சேர வருகிற அயலவரிடம் "உங்கட சம்பளம் எவ்வளவு?" எண்டு எப்படிக் கேட்கிறது? அடுத்த ஆண்டு கொஞ்சம் தளர்த்தினார்கள், கேள்வி மட்டும் போகவில்லை.

1998 செப்டெம்பரில் ஷின்டெக் கொன்வென்ட்டைக் கைவிட்டு, ஆற்றின் மேற்பக்கமாக பிளாக்மின் என்ற ஊருக்குச் சிறிய திட்டத்தோடு நகர்ந்தது. சனம் வென்றது என்றே சொல்லலாம். விதி திரும்பவில்லை. மாணவர்களும் அமைப்புகளும் போட்ட வழக்கை 2001இல் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பட்டம் பெறாத மாணவருக்கு வழக்காட இடம் கொடுப்பது மாநிலத்தின் கடமை அல்ல, கொடுத்தால் அதற்கு எல்லை போடவும் மாநிலத்தால் முடியும் என்ற வழியில் போனது அந்தத் தீர்ப்பு.