தப்பும் ஒக்டபேட்டும்: ஊவாத் தோட்டங்களில் மின்னிசை

மின்னிசைக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கியவர்களையும் வாங்கியவர்களையும் பற்றியே எழுதுகின்றனர். மின்னலைகளை உண்டாக்கி, அவற்றின் சில பகுதிகளை வடித்து நீக்கி, எஞ்சியதை ஒலியாக மாற்றும் சிந்தசைசரை 1964 முதல் அமெரிக்காவில் ரொபர்ட் மூக் உருவாக்கினார் என்பதும், அலைவாக்கி, வடிப்பான், பெருக்கி ஆகிய கூறுகளைத் தனித்தனிப் பெட்டிகளாக்கிக் கம்பிகளால் இணைத்து இசைக்கும் மொடியூலர் வகை மூக் கருவியொன்று 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் முயற்சியால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்தது என்பதும் அவ்வரலாற்றின் அறியப்பட்ட பக்கங்கள். இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, லுணுகலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், அதே வரலாறு வேறு வழியாக நடந்தது. அங்கே மின்னிசை முதலில் காதுக்கு வந்தது. நெடுங்காலம் கழித்தே கைக்கு வந்தது.

அதற்கு முன்னர் தோட்டத்தின் ஒலியுலகைத் தப்பு ஆண்டது. வட்டமான மரச்சட்டத்தின் ஒரு பக்கத்தில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, ஒரு கையில் தடித்த குறுங்குச்சியையும் மறு கையில் மெல்லிய நீண்ட குச்சியையும் பிடித்து அடிக்கப்படும் இத்தோற்கருவி, 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கங்காணிகள் திரட்டி வந்த தொழிலாளரோடு மலையேறியது. இருள் பிரியுமுன் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் உறங்குவோரை எழுப்பி, அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கப்படும் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பின் அடியே. பிறப்புக்கும், பெண் சமைந்ததற்கும், திருமணத்துக்கும், சாவுக்கும், மாசி மாதத்துக் காமன் கூத்துக்கும் வெவ்வேறு அடிகள் இருந்தமையால், மேட்டு லயத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பள்ளத்து லயத்தில் இருப்பவர் பார்க்காமலே அறிய முடிந்தது. அவ்வகையில் தப்பு இசைக்கருவியாகவும் செய்திக் கருவியாகவும், தோட்ட நிர்வாகத்தின் நேரக் கருவியாகவும் ஒருங்கே விளங்கியது.

இந்த ஒலியுலகுக்குள் மின்சாரத்தின் குரலை முதலில் கொண்டுவந்தது வானொலி. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்கென நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க ஒலிபரப்புச் சாதனங்கள் கைமாறிய பின்னர், 1949இல் ரேடியோ சிலோன் என்னும் பெயரைப் பெற்று, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. பதுளைக்கு 1924இல் வந்து சேர்ந்த மலைநாட்டு ரயில் பாதை தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கியதென்றால், வானொலி கொழும்பின் குரலை லயத்துக்கு ஏற்றியது. தேயிலை ஆலையான ஸ்டோரில் இயந்திரங்கள் ஓடிய காலத்திலும் தொழிலாளர் குடியிருந்த லய அறைகள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தமையால், பற்றரியில் இயங்கும் டிரான்சிஸ்டர் பெட்டி பரவிய பின்னரே வானொலி அந்த அறைகளுக்குள் நுழைய முடிந்தது. எஸ்.பி. மயில்வாகனன் முதலிய அறிவிப்பாளர்களின் குரலோடு தமிழ்த் திரைப்பாடல்கள் மலைச்சரிவுகளில் ஒலித்தன. மின்கிற்றாரை மையமாகக் கொண்ட புதிய இசையும் அதே வழியில் வந்தது. அவ்விசையைச் சிங்களப் பாடல்களில் நிலைநிறுத்திய கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இல் ஊவாவின் அப்புத்தளையிலேயே பிறந்தவர் என்பதும், 1970களில் ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் ஆகியோர் தமிழில் பொப்பிசையைப் பரப்பினர் என்பதும் இங்கே கருதத்தக்கவை.

சிந்தசைசரின் ஒலி ஊவாவுக்கு வந்த முதன்மையான வழி சென்னைத் திரையிசையே. இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் சேர்த்து வைத்திருந்த கருவிகளை, 1976இல் அவர் மறைந்த பின்னர், குடும்பத்தார் வாடகைக்கு விட்டு வாழ்ந்தனர் என்பதும், அவருடைய மகன் திலீப் இளம் வயதிலேயே கீபோர்டு வாசிப்பவராகிப் பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான் என அறியப்பட்டார் என்பதும் அக்காலச் சென்னையில் இக்கருவிகள் எவ்வளவு அரியனவாக இருந்தன என்பதைக் காட்டும். 1983இல் யமஹா நிறுவனத்தின் டிஎக்ஸ்7 சந்தைக்கு வந்ததும், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான மிடி என்னும் பொது முறை அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்ததும் நிலைமையை மாற்றின. டிஎக்ஸ்7, ஓர் அலையின் அதிர்வைக் கொண்டு மற்றோர் அலையின் அதிர்வை மாற்றும் முறையால் மணியோசை போன்ற தெளிந்த ஒலிகளைத் தந்தது. மிடி, ஒரு கருவியில் அழுத்திய கட்டை மற்றொரு கருவியை ஒலிக்கச் செய்யவும் கணினி ஒன்று பல கருவிகளை வரிசைப்படி இயக்கவும் இடந்தந்தது. இளையராஜாவின் இசையில் 1986இல் வெளிவந்த புன்னகை மன்னன், இத்தகைய கணினிவழி இசைக்கோப்பைத் தமிழ்த் திரைக்கு அறிமுகப்படுத்திய படமாகப் பெயர் பெற்றது. 1992இல் ரஹ்மானின் ரோஜா, பதிவு செய்த ஒலித்துண்டுகளைக் கட்டைகளில் ஏற்றி இசைக்கும் சாம்ப்ளரின் வழிமுறையைத் திரையிசையின் நடுவே கொண்டுவந்து வைத்தது.

தோட்டத்துக் கேட்போருக்கு இவ்வொலிகள் முழுமையாகச் சென்றடையவில்லை. மத்திய அலை வானொலியின் குறுகிய ஒலி வீச்சிலும் கையடக்கப் பெட்டியின் சிறு ஒலிவாயிலும் சிந்தசைசரின் ஆழ்ந்த கீழ்ச்சுரங்கள் மங்கி, இடைச்சுரங்களே எஞ்சின. 1977க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, ஜப்பானிய கசெட் ரேடியோக்கள் நாட்டுக்குள் பெருமளவில் வரத் தொடங்கியதும் இக்குறை ஓரளவு நீங்கியது. விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில், நாடாவை முன்னும் பின்னும் சுற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் வசதி, இசை எழுத்து அறியாத இளைஞர்களுக்கு ஒரு பாடசாலையாயிற்று. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி உறவுகள் பிரிந்து ரயிலிலும் கப்பலிலும் தமிழகம் சென்றுகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், சென்றவரும் நின்றவரும் ஒரே பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தனர் என்பதும் இவ்வரலாற்றோடு சேர்ந்ததே.

கருவிகள் கைக்கு வந்தபோது அவை மூக் கருவிகளாக வரவில்லை. தாளமும் துணையிசையும் உள்ளேயே பதிக்கப்பட்ட கேசியோ, யமஹா வீட்டுக் கீபோர்டுகளாகவும், ரோலண்ட் நிறுவனம் 1985இல் வெளியிட்ட ஒக்டபேட்டாகவும் வந்தன. எட்டு ரப்பர்ப் பலகைகளைக் கொண்ட முதல் ஒக்டபேட்டுக்குச் சொந்த ஒலி கிடையாது. குச்சி பட்ட இடத்தையும் பட்ட வேகத்தையும் அது மிடி வழியாக வேறொரு கருவிக்குச் சொல்ல, அந்தக் கருவியே ஒலித்தது. பின்னாளில் வந்த எஸ்பிடி வரிசைக் கருவிகள் தபேலா முதல் டிரம் வரையிலான ஒலிகளைத் தம்முள்ளேயே கொண்டிருந்தமையால், முன்னர் பல வாத்தியக்காரரும் வண்டியும் தேவைப்பட்ட இசைக்குழுவால், ஒரு கீபோர்டும் ஓர் ஒக்டபேட்டும் ஒலிபெருக்கியும் கொண்டு மாரியம்மன் கோயில் திருவிழா மேடையில் பாட்டுக் கச்சேரியை நடத்த முடிந்தது. அந்தச் சிக்கனமே, பெரும் மண்டபங்களும் நிலையான வாத்தியக் குழுக்களும் இல்லாத மலைப்பகுதியில் இக்கருவிகள் வேரூன்றக் காரணமாயிற்று.

வடகீழ்ப் பருவமழையும் மலைப்பனியும் தப்பின் தோலைத் தளர்த்திவிடும் என்பதால், தப்புக்காரர் அடிக்கத் தொடங்குமுன் தீ மூட்டி, தோலின் முகத்தை அனலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, ஓசை கணீரென்று ஏறும்வரை காத்திருப்பார். பழைய அனலொக் சிந்தசைசரும் வெப்பத்துக்குக் கட்டுப்பட்டதே: மின்சுற்றுச் சூடேறி நிலைபெறும்வரை அதன் அலைவாக்கிகள் சுரம் விலகும் என்பதால், இசைக்குமுன் அதையும் ஓடவிட்டுக் காத்திருந்து சுருதி சேர்க்க வேண்டியிருந்தது. எண்முறைக் கருவி வந்ததும் இக்காத்திருப்பு ஒழிந்தது. மழையிலும் பனியிலும் ஒக்டபேட் ஒரே ஓசையைத் தரும். அனலில் காய்ச்சிய தோலைப் படிப்படியாக வசப்படுத்தும் கைப்பழக்கத்துக்கு அதில் வேலையில்லை.

இம்மாற்றத்தின் சமூகப் பொருள் தொழில்நுட்பப் பொருளைவிடக் கனமானது. தப்பு அடிப்பது குறிப்பிட்ட சாதியினரின் கடமையாகவும், அவர்கள் இழிவாகக் கருதப்படுவதற்கான காரணமாகவும் தோட்டச் சமூகத்தில் இருந்துவந்தது. சாவு வீட்டில் தப்பில்லாமல் சடங்கு நிறைவேறாதென்று கருதிய ஊரே தப்பெடுத்தவரைத் தள்ளி நிறுத்தியது. எந்தச் சாதியின் அடையாளமும் ஒட்டாத ஒக்டபேட்டையோ கீபோர்டையோ எவர் வீட்டுப் பிள்ளையும் தயக்கமின்றிக் கையிலெடுக்க முடிந்தது. இசைக்குழுவில் வாசிப்பது பெருமையாகவும் ஆயிற்று. ஆனால் தாளம் மட்டும் விடுதலை பெற்றது, தப்பு பெறவில்லை. மேடைத் தாளம் மின்கருவிக்குச் சென்றபின், தப்புக்கு எஞ்சியவை பெரும்பாலும் சடங்குகளே, அவற்றுள்ளும் இழவு. அதனால் பழைய இழிவு இன்னும் இறுக, பல தப்புக்காரரின் பிள்ளைகள் அதைத் தொட மறுத்தனர்.

அண்மைக் காலத்தில் தப்பு மலையக அடையாளத்தின் சின்னமாகப் போற்றப்படுவதும், அதன் ஓசை பதிவுத் துண்டுகளாகப் புதிய பாடல்களில் சேர்வதும் நிகழ்கின்றன. ஒரு சாம்ப்ளர் தப்பின் ஓரடியைத் துல்லியமாகக் காத்துவைக்கும். சாவுக்கும் சாமிக்கும் உரிய அடிகளைப் பிரித்தறியும் அறிவைக் காத்துவைக்க அதனால் ஆகாது. அந்த அறிவு தப்புக்காரரின் கையிலேயே உள்ளது; அது நிலைப்பதும் அழிவதும் தப்பெடுத்த மனிதருக்குத் தோட்டம் என்ன மதிப்பைக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்ததே.