டாக்காவில் பிறக்காத டாக்கா: ஒரு நேபாளத் துணியின் பெயர் வரலாறு

காட்மாண்டுவின் தமேல், அசன் கடைத்தெருக்களில் பயணிகள் விரும்பி வாங்கும் கைவினைப் பொருள்களுள் ஒன்று டாக்காத் துணி. சிவப்பு, கருப்பு, வெள்ளை, ஆரஞ்சு நூல்களால் கோண வடிவங்கள் நெருக்கமாக நெய்யப்பட்ட அத்துணி தொப்பியாகவும் சால்வையாகவும் கைப்பையாகவும் விற்கப்படுகிறது. நேபாளத்தின் பாரம்பரிய அடையாளம் என்றே அது வாங்குவோருக்கு அறிமுகமாகிறது. ஆனால் அதன் பெயர் சுட்டுவது வங்கச் சமவெளியின் ஆற்றங்கரை நகரமொன்றை. மலைநாட்டின் தேசிய அடையாளத்திற்குச் சமவெளி நகரத்தின் பெயர் எவ்வாறு அமைந்தது?

துணிகளின் பெயர் வரலாற்றில் இது புதுமையன்று. நெய்த ஊரைவிட, விற்ற ஊரின் பெயரே பெரும்பாலும் துணியின்மேல் தங்கிவிடுகிறது. 'காலிகோ' என்னும் சொல்லில் கோழிக்கோடு இருக்கிறது. கரீபியத் தீவுகளான செயின்ட் லூசியா, டொமினிக்கா, குவாதலூப் ஆகியவற்றின் மரபுடையில் இடம்பெறும் கட்டம்போட்ட துணிக்கு இன்றும் 'மதராஸ்' என்றே பெயர். அதை அணிந்து விழாக் கொண்டாடும் செயின்ட் லூசியப் பெண்ணுக்கு அது அந்நிய ஆடை அன்று. பெயர் வணிகத்தின் தடத்தைக் காட்டுகிறது. உரிமையை அது தீர்மானிப்பதில்லை.

டாக்கா நகரம் மஸ்லினுக்கும் ஜாம்தானிக்கும் பெயர்பெற்றது. ஜாம்தானி நெசவை யுனெஸ்கோ 2013இல் மானுடத்தின் அருவமான பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ராணா பிரதமர்களின் ஆட்சிக்காலத்தில் (1846–1951) வங்காளத்து மெல்லிய துணிகள் காட்மாண்டு மேட்டுக்குடியினரின் உடையில் இடம்பெற்றன. உயர்ந்த துணி என்பதற்கு 'டாக்கா' ஒரு பெயராயிற்று. பின்னர் மேற்கில் பால்பா மாவட்டத்தின் தான்சேனிலும், கிழக்கில் தெஹ்ரதும் முதலிய மலைப்பகுதிகளிலும் நெய்யப்பட்ட பருத்தித் துணி அப்பெயரால் வழங்கலாயிற்று. இரண்டு நெசவுகளுக்கும் பொதுவான நுட்பம் ஒன்று உண்டு: ஊடைநூலைத் துணியின் முழு அகலத்திற்கும் ஓட்டாமல், வடிவம் வேண்டும் இடத்தில் மட்டும் விரலால் செருகித் திருப்புவது. எனினும் ஜாம்தானியின் தளம் ஒளி ஊடுருவும் மென்மை உடையது. நேபாள டாக்காவின் தளமோ தடித்தது, வடிவங்களால் நிரம்பியது.

கிழக்கு நேபாளத்தின் லிம்பு மக்களிடையே வேறொரு விளக்கமும் வழங்குகிறது. நெசவைக் குறிக்கும் 'தாக்' என்னும் லிம்புச் சொல்லே டாக்கா எனத் திரிந்தது என்பது அவ்விளக்கம். மொழியியல் அடிப்படையில் இதை ஏற்பது கடினம். நேபாளியில் டாக்காவின் முதல் ஒலி, குரலும் மூச்சும் உடைய நாமடி ஒலி. லிம்புச் சொல்லின் முதல் ஒலியோ பல்லிடத்தில் பிறக்கும், குரலற்ற மூச்சொலி. ஒன்று மற்றொன்றாகத் திரிந்தது என்பதற்கு அதேபோன்று திரிந்த பிற சொற்களும் சான்றாக வேண்டும். தனியொரு சொல்லின் ஒப்புமை போதாது.

ஆயினும் அவ்விளக்கத்தைப் புறந்தள்ளுவதும் பிழையாகும். நெய்தலைக் குறிக்கும் திபெத்தியச் சொல்லும் 'தாக்' என்பதும் ஒரே வேரைச் சேர்ந்தவை. திபெத்திய-பர்மிய மூலமொழிக்கே அவ்வேரை மொழியியலாளர் மீட்டுருவாக்கம் செய்துள்ளனர். அதாவது துணியின் பெயர் அண்மைக் கடன். நெய்தலுக்கான சொல் மிகத் தொன்மையானது. தொட்டால் அரிக்கும் 'அல்லோ' செடியின் நாரைக்கொண்டு நெய்த மரபும் கிழக்கு மலைகளில் உண்டு. டாக்கா என்ற பெயரை மட்டும் கொண்டு, நெசவே சமவெளியிலிருந்து வந்தது என்று முடிவு கட்டும்போது அம்மலைப் பெண்களின் கைத்திறன் வரலாற்றிலிருந்து மறைந்துபோகிறது. லிம்பு விளக்கம் உண்மையில் மறுப்பது அந்த முடிவைத்தான்.

இத்துணியைத் தேசிய அடையாளமாக்கியது அரசு. மன்னர் மகேந்திரரின் ஆட்சியிலும் (1955–1972) அவர் நிறுவிய பஞ்சாயத்து முறையிலும் ஒரே மொழி, ஒரே உடை என்னும் கொள்கை வலியுறுத்தப்பட்டது. அரசு ஆவணங்களுக்கான புகைப்படத்தில் ஆண்கள் தொப்பி அணிந்திருப்பது கட்டாயமாயிற்று. தெற்குச் சமவெளியின் மதேசி மக்களுக்கு அது பிறர் சூட்டிய தொப்பியாகவே இருந்தது. முடியாட்சி நீங்கிய 2008இல், குடியரசின் முதல் துணைக் குடியரசுத் தலைவர் பரமானந்த ஜா வேட்டி அணிந்து இந்தியில் உறுதிமொழி ஏற்றார். எதிர்ப்பு மூண்டது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது, 2010இல் அவர் மைதிலியிலும் நேபாளியிலும் மீண்டும் உறுதிமொழி ஏற்றார். சமவெளி நகரொன்றின் பெயரைத் தாங்கிய தொப்பியே சமவெளி மக்களை அயலாராகக் காட்டும் அளவுகோலாயிற்று என்பது இவ்வரலாற்றின் கசப்பான முரண்.

இன்று விசைத்தறிப் போலிகளும் அச்சிட்ட துணிகளும் அதே பெயரில் மலிவாக விற்கப்படுகின்றன. வேறுபாட்டை அறியத் துணியைத் திருப்பிப் பார்ப்பது உதவும். அச்சுத் துணியின் மறுபுறம் வெளிறியிருக்கும். கைநெசவின் மறுபுறத்தில் வடிவத்தின் விளிம்புதோறும் நூல் திரும்பிய தடம் தெரியும். ஒரே வடிவம் அடுத்த வரிசையில் சற்றே மாறியிருக்கவும் கூடும். வரைபடத் தாள் இல்லாமல் மனக்கணக்கில் நெய்யும் பெண்ணின் முடிவுகள் அவை.

ஒரு கைவினைப் பொருளைப் 'பாரம்பரியம்' என்று சொல்லும்போது அதன் பெயர், நுட்பம், அடையாளம் ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் ஒரே இடத்தில் பிறந்தவை என்று எண்ணிவிடுகிறோம். டாக்காத் துணியில் பெயரை வணிகம் தந்தது. அடையாளத்தை அரசு தந்தது. நெசவைத் தந்தவர்களின் பெயர் மட்டும் துணியில் இல்லை. சொல்லின் வயதைக் கொண்டு தொழிலின் வயதைக் கணிக்கும் ஆய்வு, அவர்களை மீண்டும் ஒருமுறை விட்டுவிடும்.