கல்யாண மைதானம்

பெயர் அக்டோபர் விழா. ஆரம்பிப்பதென்னவோ செப்டம்பரில். அக்டோபர் மாதத்து மூனிக் குளிரில் வெட்டவெளியில் உட்கார்ந்து குடிக்க முடியவில்லை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேதியை முன்னால் இழுத்துவிட்டார்கள். பெயரை மட்டும் தொடவில்லை.

உலகத்திலேயே பெரிய பீர் திருவிழா என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொய்யில்லை. 2023-ல் வந்த கூட்டம் 70 லட்சத்துக்கும் மேல். அங்கே ஒரு கோப்பை என்றால் ஒரு முழு லிட்டர். ஆனால் விஷயம் என்னவென்றால், இது குடிப்பதற்காக ஆரம்பித்த விழாவே இல்லை. ஒரு கல்யாணக் கொண்டாட்டம்.

1810, அக்டோபர் 12. பவேரியாவின் பட்டத்து இளவரசர் லுட்விக்குக் கல்யாணம். வயது 24. பெண், ஹில்ட்பர்க்ஹௌஸன் என்கிற குட்டி சமஸ்தானத்து இளவரசி தெரேஸா. வயது 18. கத்தோலிக்க தேசத்துக்கு மருமகளாக வந்த ப்ராட்டஸ்டண்ட் பெண். கடைசிவரை மதம் மாறவில்லை.

பவேரியா அப்போதுதான் நாலு வருடத்து ராஜ்ஜியம். நெப்போலியன் தயவில் 1806-ல் கிரீடம் கிடைத்திருந்தது. கூடவே பிராங்கோனியா, சுவேபியா என்று நேற்றுவரை வேறு வேறு பிரபுக்களும் பிஷப்புகளும் ஆண்ட ஊர்கள். இந்த ஜனங்களுக்கெல்லாம் 'நாமெல்லாம் ஒரே தேசம்' என்று எப்படிப் புரியவைப்பது? சட்டம் போட்டா? ம்ஹும். கல்யாணச் சாப்பாடு போட்டால் புரியும்!

குதிரைப் பந்தயம் வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் பௌம்கார்ட்னர் என்கிற வாடகை வண்டிக்காரர். ஊர்க்காவல் படையில் இருந்தவர். மேலதிகாரியான டல்லார்மி என்ற வங்கி முதலாளி அதை ராஜா மாக்ஸிமிலியன் ஜோசப்பிடம் கொண்டுபோய் அனுமதி வாங்கினார். அக்டோபர் 17. ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி. சுமார் 40 ஆயிரம் பேர் கூடினார்களாம். முதலில் 16 ஜோடிக் குழந்தைகள் விதவிதமான உடையில் வந்து ராஜ குடும்பத்துக்கு மரியாதை செய்தார்கள். அப்புறம் பந்தயம். ஜெயித்தவர் யார் தெரியுமா? யோசனை சொன்ன அதே வண்டிக்காரர். (எப்படி என்று கேட்காதீர்கள்.) பீர் உண்டுதான். ஆனால் அது பக்கத்து மேட்டில், வேடிக்கை பார்ப்பவர்களின் தாகத்துக்கு.

புல்வெளிக்கு மணப்பெண் பெயரையே வைத்தார்கள். தெரேஸியன்வீஸ. தெரேஸாவின் புல்வெளி.

மறு வருடமும் நடத்தினார்கள். கூடவே ஒரு விவசாயக் கண்காட்சி. 1819-ல் நகர நிர்வாகமே பொறுப்பை எடுத்துக்கொண்டது. 1835-ல் தம்பதிக்கு வெள்ளிவிழா. அதற்குள் லுட்விக் ராஜாவாகியிருந்தார். அதற்காக நடந்த பாரம்பரிய உடை ஊர்வலத்தின் வாரிசுதான், இன்றைக்கும் விழாவின் முதல் ஞாயிற்றுக்கிழமை மூனிக் வீதிகளில் போகும் ஊர்வலம்.

சரி, அந்தத் தம்பதி எப்படி வாழ்ந்தார்கள்?

லுட்விக் கலா ரசிகர். கட்டடங்கள், சிலைகள், அப்புறம் பெண்கள். 36 அழகிகளை ஓவியமாக வரையச் சொல்லி அரண்மனையில் மாட்டி வைத்தார். இன்றும் நிம்ஃபன்பர்க் மாளிகையில் பார்க்கலாம். செருப்புத் தைப்பவரின் பெண் இருக்கிறார். ராஜாவின் மகள் இருக்கிறார், மருமகள் இருக்கிறார். மனைவி இல்லை.

ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற தெரேஸா பொறுத்துப் போனார். ஜனங்கள் அப்படியில்லை. 1844, மே 1. ராஜாவின் மகள் ஹில்டகார்டுக்குக் கல்யாணம். அதே நாளில் மூனிக்கில் கலவரம் வெடித்தது. பீர் விலையை ஏற்றிவிட்டார்கள்! மதுக்கடைகள் அடித்து நொறுக்கப்பட, கடைசியில் விலையைக் குறைத்த பிறகுதான் ஊர் அடங்கியது. அப்பா கல்யாணத்தில் விழா, மகள் கல்யாணத்தில் கலவரம்.

1846-ல் லோலா மான்டெஸ் வந்தார். ஸ்பானிய நடனக்காரி என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அயர்லாந்தில் பிறந்து, சின்ன வயதில் கொஞ்ச காலம் இந்தியாவில் வளர்ந்தவர். அறுபது வயது ராஜா விழுந்தார். கவுண்டஸ் பட்டமே கொடுத்தார். தெரேஸா முதல் முறையாக முடியாது என்றார். அந்தப் பெண்ணைத் தன்னால் அரண்மனையில் வரவேற்க முடியாது. ஊர் ராணி பக்கம் நின்றது. 1848 பிப்ரவரியில் லோலா ஓடினார். மார்ச்சில் லுட்விக் முடி துறந்தார்.

1854-ல் மூனிக்கில் காலரா. சுமார் மூவாயிரம் பேர் போய்விட்டார்கள். விழா ரத்து. அந்த அக்டோபர் 26-ம் தேதி, கல்யாணமாகி 44 வருடமும் 14 நாளும் ஆனபோது, அதே காலராவில் தெரேஸா இறந்தார். தன் கல்யாணத்துக்காகப் பிறந்த விழா நடக்காமல் போன வருடத்தில்.

அப்புறம் விழா அதன் போக்கில் வளர்ந்தது. மேட்டில் இருந்த பீர் மைதானத்துக்கு இறங்கி வந்து, பெரிய பெரிய கூடாரம் போட்டுக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மூலமான குதிரைப் பந்தயம் 1938-க்குப் பிறகு நின்றே போச்சு. 1960, 2010 ஆண்டு நிறைவுகளில் மட்டும் ஒப்புக்கு ஓடினார்கள். மேயர் மரச்சுத்தியால் பீப்பாயில் குழாயை அடித்து இறக்கி, 'திறந்தாச்சு!' என்று கத்துவது பார்க்க ஏதோ பழங்காலச் சடங்கு மாதிரி இருக்கும். அதை ஆரம்பித்து வைத்தவர் தாமஸ் விம்மர் என்ற மேயர். வருடம் 1950.

மூனிக்காரர்கள் இப்போது அதை அக்டோபர் விழா என்றுகூடச் சொல்வதில்லை. 'வீஸ்ன்' என்பார்கள். புல்வெளி, அவ்வளவுதான். மணப்பெண்ணின் பெயரை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே இறங்குகிற பாதாள ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் பார்க்கலாம்.