தலைமன்னார்த் துறையும் இசைத்தட்டுத் திறனாய்வும்

தலைமன்னார்த் துறைக்கு ஈழத்து அரசியல், வணிக வரலாற்றில் உள்ள இடம் பலரும் அறிந்ததே. ஈண்டு நாம் நோக்குவது அதன் இசைத்தொடர்பினையாகும்.

1914ஆம் ஆண்டிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. சென்னையிற் புகைவண்டி ஏறியோர் ஏறத்தாழ இருபது மைல் கடலைக் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் வண்டியேறிக் கொழும்பு சேரலாயினர். தென்னிந்தியப் பாடகரும் நாடகக் குழுவினரும் நாதசுரக் கலைஞரும் இலங்கைக்கு வருதற்கு இதுவே பெருவழியாயிற்று. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களில் இணைந்து நடிக்கத் தொடங்கியது இலங்கை மேடையிலேயே என்பது நாடக வரலாற்றார் யாவரும் கூறுவது.

1906இற் பிறந்த கிட்டப்பா 1933இல் இருபத்தேழே வயதில் மறைந்தார். ஒலிபெருக்கியின் துணையின்றிப் பாடிய அவ்வுச்சத்தாயிக் குரலுக்கு இன்று எஞ்சியுள்ள நேர்ச்சான்று இசைத்தட்டு ஒன்றே. எனவே அத்தட்டுகளின் மறுபதிப்பை மதிப்பிடுவோர், கல்வெட்டினைப் படியெடுப்போனுக்குரிய கவனத்துடன் அதனைச் செய்தல் வேண்டும். ‘குரல் இனிமை, பதிவு தெளிவு’ என்று எழுதிவிடுதல் திறனாய்வாகாது, விளம்பரமாகும்.

பத்தங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடமளவே இசைக்கும். மணிக்கணக்கில் இராக ஆலாபனை செய்யவல்ல திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் இவ்வெல்லைக்குள்ளேயே அடங்க நேர்ந்தது. தட்டினை மட்டும் கேட்டு அவர்தம் கற்பனையின் விரிவை அளப்பது தகாது. மறுபதிப்பில் இரைச்சலை நீக்கப் புகுவோர், அதனோடு நாதசுரத்தின் மேல்நாதங்களையும் நீக்கிவிடுவதுண்டு. என்னளவில், இரைச்சலோடு கூடிய பழந்தட்டே மேல்.

வேகம் பற்றிய சிக்கல் இதனினும் பெரிது. அக்காலத் தட்டுகள் யாவும் நிமிடத்துக்கு 78 சுழற்சியிற் பதிக்கப்பட்டன அல்ல. 80 சுழற்சியிற் பதிந்ததை 78இல் ஓட்டினால் ஏறத்தாழ அரைச்சுரத்திற் பாதியளவு சுருதி தாழும். மாறாக ஓட்டின் உயரும். உச்சத்தாயியாற் புகழ்பெற்ற கிட்டப்பாவைப் பொறுத்தவரை இப்பிழை சான்றினையே திரித்துவிடும். அவரை மேடையிற் கேட்டோரிடம் வினவித் தெளிதலும் இன்று இயலாது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது, இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பற் சேவையும் 1980களிற் போரினால் நின்றது, அத்தலைமுறையும் மறைந்தது.

எனினும் ஒரு வழி உண்டு. நாடக இசைத்தட்டுகளிற் பெரும்பாலும் ஆர்மோனியம் உடனொலிக்கும். அதன் கட்டைகள் நிலையான சுருதியுடையன. மறுபதிப்பில் ஆதாரசுருதி இரு கட்டைகளுக்கு இடைப்பட்டு ஒலிக்குமாயின், தட்டு பிறழ்ந்த வேகத்தில் ஓட்டப்பட்டதென ஐயுறலாம்.