பனிக்களமும் கோணமலைத் துறையும்

பந்துக்குப் பதிலாக இரப்பர் வட்டை அடித்துப் பனிக்கட்டிமேல் ஆடுவது ஐஸ் ஹொக்கி. அவ்வாட்டத்துக்கும் வெயில் காயும் திருகோணமலைக்கும் தொடர்பேது என நேயர்கள் வியக்கலாம்.

1948 பெப்ரவரி 4 இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. நான்கு நாட்களின் பின், சுவிற்சர்லாந்தின் சென் மோரிட்ஸ் நகரில், அந்நாட்டு அணியை 3–0 என வென்று கனடா ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்றது. செக்கோசிலோவாக்கியாவும் தோல்வியுறாதிருந்ததால், கோல் விகிதமே முதலிடத்தைத் தீர்மானித்தது. கனடாவுக்காக ஆடியது அதன் விமானப்படை அணி.

அப்படையை நம் தீவு முன்னரே அறியும். 1942 ஏப்ரல் 4 இல், கொக்கலையிலிருந்து பறந்த அதன் 413 ஆம் பிரிவின் கற்றலினா விமானம், தென்கடலிலே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. பின் சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி லெனாட் பேர்ச்சோலும் உயிர் தப்பிய தோழரும் சிறைப்பட்டனர். ஏப்ரல் 9 இல் திருகோணமலையிற் குண்டுகள் வீழ்ந்தன. முன்னெச்சரிக்கை கிடைத்தமையால் கப்பல்கள் பல முன்னிரவே துறையை விட்டகன்றிருந்தன. எனினும் ஹேர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக்கப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அன்று பகைவரைக் கண்டறிந்த அப்பிரிவின் மற்றொரு விமானம் திரும்பவேயில்லை.

பனிக்களத்தில் வென்றோரைப் பதக்கம் நினைவூட்டும். கீழ்க்கடலில் மறைந்தோரை நினைப்பது கோணமலையார் கடன்.