பயணியர் குறிப்புகளில் விசயநகரம்: நேரிற் கண்டவையும் கேட்டறிந்தவையும்

ஆய்வுச் சுருக்கம்

துங்கபத்திரை ஆற்றின் தென்கரையில் அமைந்த விசயநகரத்தைப் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் அயல்நாட்டுப் பயணியர் பலர் கண்டு எழுதினர். நகரின் பரப்பு, மதில்களின் எண்ணிக்கை, ஆட்சிமுறை, அழிவு ஆகியவை குறித்து அவர்கள் தரும் செய்திகள் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன. அம்மாறுபாடுகளைப் பிழைகள் என ஒதுக்காமல், ஒவ்வொரு பயணியும் நின்று நோக்கிய இடம், வந்த நோக்கம், செய்தி பெற்ற வழி ஆகியவற்றோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விசயநகரம், அம்பி, அப்துர் ரசாக், பயஸ், நூனிஸ், மகாநவமி, நாயக்கர்.

முன்னுரை

கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கொடையையும் கொடையாளரையும் கூறுவன. கடைத்தெருவில் எது விற்கப்பட்டது, அயலவர் எதனைக் கண்டு வியந்தனர் என்பனவற்றை அவற்றிற் காண்பது அரிது. அவ்விடைவெளியை நிரப்புவன பயணியர் குறிப்புகளே. எனினும், பயணி நடுநிலையான சான்றாளன் அல்லன். தூதுவனாகவோ வணிகனாகவோ வந்தவன். அவனுக்கு எந்த வாயில் திறக்கப்பட்டதோ அவ்வாயில் வழியாகவே நகரைக் கண்டான். ஆகவே, குறிப்பின் உள்ளடக்கத்தைப் போலவே குறிப்பாசிரியனின் நிலையும் ஆய்விற்கு உரியதாகிறது.

நகரின் பரப்பு: மூன்று அளவுகள்

1420ஆம் ஆண்டையொட்டி விசயநகரம் வந்த வெனிசு நாட்டு வணிகர் நிக்கோலோ கோண்டி, நகரின் சுற்றளவு அறுபது மைல் என்றார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த இத்தாலியர் வர்த்தமா, ஏழு மைல் என்றார். கிருட்டிணதேவராயர் காலத்தில், 1520ஆம் ஆண்டையொட்டி வந்த போர்த்துகீசியர் டோமிங்கோ பயஸ், உரோமை நகரின் அளவுடையது எனக் கணித்தார்.

அறுபதுக்கும் ஏழுக்கும் இடையிலான வேறுபாடு பெரிது. ஆயினும் மூவரும் ஒன்றையே அளந்தனர் எனக் கொள்ளத் தேவையில்லை. மதில்கள் மலைகள்மேல் ஏறி அவற்றின் அடிவாரப் பள்ளத்தாக்குகளையும் உள்ளடக்கின என்று கோண்டி குறிப்பிடுகிறார். அவர் கருதியது வயல்களும் குன்றுகளும் சேர்ந்த பெருநிலப்பரப்பு எனலாம். வர்த்தமா மூன்று மதில்களை மட்டும் கூறுவதால், அவருடைய கணக்கு மக்கள் செறிந்த உள்நகரைக் குறித்திருக்கக்கூடும். பயஸ் ஒரு குன்றின்மீது ஏறி நின்று நோக்கியவர். இடையிடையே மலைத்தொடர்கள் மறைத்தமையால் நகரம் முழுவதையும் காண இயலவில்லை என்று அவரே எழுதியுள்ளார். தாம் கண்ட பகுதி மட்டுமே உரோமைக்கு நிகராகத் தோன்றியது என்பதே அவர் கூற்று. தம் பார்வையின் எல்லையை இவ்வாறு வெளிப்படக் கூறுவது அவரது சான்றின் மதிப்பை உயர்த்துகிறது.

கோண்டியின் குறிப்பிற்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. அவர் தம் கையால் எதனையும் எழுதவில்லை. நாடு திரும்பிய பின்னர் அவர் கூறியவற்றைப் போப்பாண்டவரின் செயலராக இருந்த போஜ்ஜோ பிராச்சியோலினி இலத்தீன் மொழியில் பதிவு செய்தார். எனவே, அவ்வெண் நினைவிலிருந்து கூறப்பட்டு மற்றொருவர் கைவழி வந்த எண் ஆகும்.

தூதுவர் கண்ட நகரம்

ஈராத்து நகரிலிருந்து தைமூரிய அரசர் சாருக்கின் தூதுவராகக் கோழிக்கோட்டிற்கு வந்தவர் அப்துர் ரசாக். இரண்டாம் தேவராயரின் அழைப்பை ஏற்று அவர் 1443இல் விசயநகரம் அடைந்தார். ஒன்றனுள் ஒன்றாக ஏழு மதில்கள் இருந்தன என்றும், வெளிமதிலைச் சுற்றி ஆள் உயரக் கற்கள் நெருக்கமாக நடப்பட்டிருந்தன என்றும் அவர் எழுதுகிறார். குதிரைப்படை விரைந்து நெருங்காமல் தடுப்பதே அக்கற்களின் பயன். அத்தகைய நடுகற்றடைகள் அம்பிப் பகுதியில் இன்றும் காணப்படுவதால், அவர் கூற்றின் இப்பகுதி களச்சான்றால் உறுதிபெறுகிறது. வெளிமதில்களுக்கு இடையே வயல்களும் தோட்டங்களும் இருந்தன என்னும் அவரது செய்தி, கோண்டியின் பெரிய அளவையும் விளங்கிக்கொள்ளத் துணைசெய்கிறது.

முத்தும் மாணிக்கமும் மரகதமும் வைரமும் கடைத்தெருவில் வெளிப்படையாக விற்கப்பட்டதையும், அந்நகர மக்கள் உணவைப் போன்றே ரோசா மலரையும் இன்றியமையாததாகக் கருதியதையும் அவர் பதிவு செய்துள்ளார். அரசவையில் வெற்றிலையும் கற்பூரமும் அளிக்கப்பெற்றுப் போற்றப்பட்ட அவர், பின்னர் ஓர் இக்கட்டிலும் சிக்கினார். அவர் உண்மையான தூதுவர் அல்லர் என்று ஓர்முசு வணிகர் பரப்பிய செய்தியே அதற்குக் காரணம். தூதுவரின் மதிப்பும் நகரில் அவருக்குக் கிடைத்த வரவேற்பும் வணிகப் போட்டியோடு பிணைந்திருந்தன என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

விழாவும் அதிகாரமும்

அப்துர் ரசாக், பயஸ் ஆகிய இருவரும் மகாநவமி விழாவை விரிவாக வருணிக்கின்றனர். இருவருக்கும் இடையே ஏறத்தாழ எண்பது ஆண்டுக் கால இடைவெளி உண்டு. சமயமும் மொழியும் வேறு. இருந்தும் அரசர் வீற்றிருத்தல், யானைகளின் அணிவகுப்பு, ஆடல்மகளிர், வாணவேடிக்கை ஆகியவற்றில் இருவர் கூற்றும் பெரிதும் ஒத்துச் செல்கின்றன. ஒருவரையொருவர் அறியாத இரு சான்றாளர் உடன்படும் இடத்தில் செய்தியின் நம்பகத்தன்மை மிகுகிறது. அரண்மனை வளாகத்தில் இன்று மகாநவமி மேடை எனப்படும் பல அடுக்குக் கல்மேடையின் குதிரை, யானை, வேட்டை, ஆடல் சிற்பங்கள் இவ்வருணனைகளோடு ஒப்புநோக்கத் தக்கவை.

விழா என்பது காட்சி மட்டுமன்று. தலைவர்களும் படைகளும் தலைநகரில் கூடி அரசர்முன் நிற்கும் நாள் அது. அயல்நாட்டார்க்கு அவ்விழாவில் இடமளிக்கப்பட்டதற்கும் அரசியல் நோக்கம் இருந்திருக்க வேண்டும். பயணியர் பெரும்பாலும் அரசு காட்ட விரும்பிய நகரையே கண்டனர். கல்லுடைத்தோர், ஏரி வெட்டியோர் ஆகியோரின் வாழ்வு அவர்தம் குறிப்புகளில் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகிறது.

நூனிசும் தமிழகக் கல்வெட்டுகளும்

அச்சுததேவராயர் காலத்தில் விசயநகரத்தில் தங்கிய பெர்னாவோ நூனிஸ் குதிரை வணிகர். ஆண்டுதோறும் அரசர் வாங்கிய குதிரைகளின் தொகையை 13,000 என அவர் தருவது அவர்தம் தொழிலோடு இயைந்த செய்தி. ஆனால், பேரரசின் தோற்ற வரலாற்றை அவர் 1230ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறார். நகரம் நிறுவப்பட்டதாகப் பொதுவாக ஏற்கப்படும் 1336ஆம் ஆண்டினின்றும் இது ஒரு நூற்றாண்டு முற்பட்டது. நேரில் அறிந்ததில் வலிமையும் கேட்டறிந்ததில் தளர்வும் உடைய குறிப்பு இது.

நிலத்தை அரசரிடமிருந்து பெற்று, அதற்கீடாகப் பணமும் படையும் அளித்த தலைவர்களைப் பற்றி நூனிஸ் கூறியது நாயக்கர் முறை பற்றிய விவாதத்தின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. பேரரசின் அரசியல் அமைப்பைப் பற்றி நீலகண்ட சாத்திரியாரும் பர்ட்டன் ஸ்டைனும் வேறுபட்ட முடிவுகளுக்கு வந்தனர். நொபொரு கராசிமா தமிழகக் கல்வெட்டுகளில் நாயக்கர் பற்றி வரும் செய்திகளைத் தொகுத்து ஆராய்ந்து இவ்விவாதத்திற்குக் கல்வெட்டு அடிப்படையை அளித்தார். தலைநகரில் ஒரு வணிகர் எழுதியதைத் தமிழகக் கோயிற் சுவர்களிலுள்ள சான்றுகளோடு ஒப்பிட்டுக் காண இதனால் வழி ஏற்பட்டது.

அழிவும் எஞ்சியதும்

1565 சனவரியில் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போருக்குப் பின் நகரம் அடியோடு அழிந்தது என்பதே பரவலான கருத்து. பயஸ், நூனிஸ் குறிப்புகளை 1900இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இராபர்ட் சுவெல், தம் நூலுக்கு 'மறக்கப்பட்ட பேரரசு' எனப் பொருள்படும் பெயரிட்டார்; அந்நூல் இக்கருத்தைப் பரப்பியது. போருக்கு ஈராண்டுக்குப் பின், 1567இல் அங்கு ஏழு மாதம் தங்கிய வெனிசு நாட்டவர் சேசரே பெடரிச்சியின் சான்று சற்று வேறானது. வீடுகள் நின்றன, ஆனால் ஆளின்றி வெறுமையாயின; புலி முதலிய விலங்குகள் அவற்றில் குடிபுகுந்தன; அரசிருக்கை பெனுகொண்டாவிற்கு மாறியது என்கிறார் அவர். நகரின் வீழ்ச்சியில் இடிபாட்டிற்கு இணையான பங்கு மக்கள் வெளியேற்றத்திற்கும் உண்டு என்பது இதனாற் பெறப்படுகிறது. விரூபாட்சர் கோயிலில் வழிபாடு இன்றளவும் நிகழ்ந்துவருவதும் 'முற்றழிவு' என்னும் சொல்லை எச்சரிக்கையோடு ஆளவேண்டுவதை உணர்த்துகிறது.

முடிவுரை

விசயநகரம் பற்றிய பயணக் குறிப்புகளை மூன்று வகையாகப் பகுத்து மதிப்பிடுதல் தகும். பயணி நேரிற் கண்டு, களத்திலும் எச்சமாக நிற்பவை முதல் வகை. அப்துர் ரசாக்கின் கற்றடைகள் இதற்குச் சான்று. தனித்தனியே எழுதிய இருவர் உடன்படுபவை இரண்டாம் வகை. மகாநவமி விழா இதன்பாற்படும். கேட்டறிந்து எழுதப்பட்டவை மூன்றாம் வகை. நூனிசின் தொடக்க ஆண்டும் கோண்டியின் சுற்றளவும் பிற சான்றுகளின் துணையின்றி ஏற்கத்தக்கன அல்ல. 1986இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட அம்பியை இன்று காண வருவோர், கைந்நூல்களிலும் விளக்கப் பலகைகளிலும் இம்மூவகைச் செய்திகளையும் வேறுபாடின்றிக் கலந்தே பெறுகின்றனர். கண்டது எது, கேட்டது எது எனப் பிரித்துக் கூறும் பொறுப்பு வரலாற்றாய்வாளரைச் சார்ந்தது.